ஓல்ட்ஸ்மொபைல்: ஏணியில் இடம் இழந்த கார்

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு புதிய சொகுசுக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரோரா என்று பெயர். அகலமான உடல், வழுவழுப்பான வளைவுகள், 250 குதிரைத்திறன் தரும் 4 லிட்டர் வி8 என்ஜின். ஜப்பானியச் சொகுசுக் கார்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று உண்மையான அக்கறையோடு உருவாக்கப்பட்ட கார் அது. ஆனால் அதைச் சுற்றி வந்து பார்த்தவர்களுக்கு ஒன்று உறுத்தியிருக்கும். முகப்பிலும் இல்லை, பின்புறத்திலும் இல்லை. அதைத் தயாரித்த பிராண்டின் பெயர் காரின் உடலில் எங்குமே பொறிக்கப்படவில்லை. ஓல்ட்ஸ்மொபைல் என்ற பெயரைக் கண்டால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார் என்று, அந்தப் பெயரால் பிழைத்த பிரிவே அஞ்சியது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. 1985இல் மட்டும் 10 லட்சத்து 66 ஆயிரம் ஓல்ட்ஸ்மொபைல் கார்கள் விற்றன. 2000ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 3 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று, ஓல்ட்ஸ்மொபைலை மூடப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 1897இல் பிறந்து, மொத்தம் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கார்களைச் செய்த ஒரு பிராண்ட், உச்சத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: அது கிழவர்களின் கார் ஆகிவிட்டது, இளைஞர்கள் வாங்கவில்லை. பொய்யில்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிடும் விளக்கம் இது. அதே நிறுவனத்தின் காடிலாக்கை வாங்கியவர்களும் வயதானவர்கள்தான். ப்யூக்கை வாங்கியவர்களும் அப்படியே. அவை இரண்டும் இன்றும் இருக்கின்றன. ஓல்ட்ஸ்மொபைல் மட்டும் ஏன் போனது என்று கேட்டால், அந்தப் பெயர் முதலில் எதற்காக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரான்சம் ஓல்ட்ஸ் 1897இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் முதலீட்டாளர் ஒருவரின் துணையோடு அது டெட்ராய்ட்டுக்கு இடம்பெயர்ந்தது. 1901 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. எரிந்த ஆலையை வைத்துக்கொண்டு எல்லாப் பாகங்களையும் தாமே செய்ய வழியில்லாததால், ஓல்ட்ஸ் வெளிப் பட்டறைகளை நாடினார். என்ஜின்கள் லீலண்டின் பட்டறையிலிருந்து வந்தன, கியர்பெட்டிகள் டாட்ஜ் சகோதரர்களிடமிருந்து வந்தன. பின்னாளில் காடிலாக்கையும் டாட்ஜையும் உருவாக்கப்போகிறவர்கள் இவர்கள். டெட்ராய்ட் கார் நகரமானதில் அந்தத் தீ விபத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த ஆண்டு அவர் விற்ற கார், முன்பலகை சறுக்குவண்டியைப் போல மேல்நோக்கி வளைந்த, 650 டாலர் விலையுள்ள சிறிய வண்டி. அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கில் தயாரானது. வேலை நடக்கும் இடத்துக்கு வண்டியைப் படிப்படியாக நகர்த்திச் சென்று பாகங்களைக் கோக்கும் முறையை ஓல்ட்ஸ் அங்கே கையாண்டார். ஹென்றி ஃபோர்டு தானாக நகரும் பட்டையை 1913இல் அறிமுகம் செய்தார். கார்களைத் திரளாகச் செய்ய முடியும் என்று அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே காட்டியவர் ஓல்ட்ஸ். இந்தப் பெருமை அவருக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சிறிய, மலிவான கார்களிலேயே நிலைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பணம் போட்ட குடும்பமோ பெரிய கார்களைக் கேட்டது. 1904இல் அவர் வெளியேறித் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே ரியோ என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய கார் அவர் இல்லாமலேயே அடுத்த நூறாண்டுகளை வாழ்ந்தது.

1908இல் வில்லியம் டியூரண்ட் அதை விலைக்கு வாங்கித் தம்முடைய புதிய ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்த்தார். அவர் கண்டதையெல்லாம் வாங்கிக் குவித்தார். அந்தக் குவியலுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர் 1923இல் தலைவரான ஆல்ஃப்ரட் ஸ்லோன். அவரது திட்டத்தை ஏணி என்று சொல்வது வழக்கம். கீழ்ப்படியில் ஷெவர்லே, அதன் மேல் பான்டியாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபைல், பிறகு ப்யூக், உச்சியில் காடிலாக். வேலைக்குச் சேர்ந்த இளைஞன் ஷெவர்லேவில் தொடங்குவான். சம்பளம் உயர உயர ஒவ்வொரு படியாக ஏறுவான். எந்தப் படியிலும் அவன் கொடுக்கும் பணம் ஒரே கல்லாவில் விழும். இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு ஓடியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதி ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள்தான்.

ஏணியில் மிகவும் சிக்கலான இடம் நடுப்படிதான். கீழே இருப்பதற்கு விலை ஒரு காரணம், மேலே இருப்பதற்குப் பெருமை ஒரு காரணம். நடுவில் இருப்பவனுக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். ஓல்ட்ஸ்மொபைலுக்கு அது இருந்தது. அந்தப் பெரிய நிறுவனத்தின் புதிய பொறியியல் முதலில் சாலைக்கு வருவது பெரும்பாலும் ஓல்ட்ஸ்மொபைலில்தான்.

கால் கிளட்ச் இல்லாமல் ஓட்டக்கூடிய, பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியரான ஹைட்ராமேட்டிக், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில்தான் வந்தது. காடிலாக்குக்கு அது பிறகுதான் போனது. புதிய கருவி பழுதானால் காடிலாக்கின் பெயர் கெடக்கூடாது என்பதற்காகவே ஓல்ட்ஸ்மொபைலில் சோதித்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. அப்படியே இருந்தாலும், புதியதை முதலில் பெறுபவர்கள் என்ற பெயர் ஓல்ட்ஸ்மொபைல் வாங்குவோருக்கு நிலைத்தது. 1949இல் ராக்கெட் என்ற பெயரோடு வந்த புதிய வி8 என்ஜின், மேல்வால்வு அமைப்பும் உயர் அழுத்தமும் கொண்டது. 135 குதிரைத்திறன் என்பது இன்றைக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்த என்ஜினை எடை குறைந்த 88 மாடலின் உடலில் பொருத்தியபோது, பந்தயத் திடலில் அதைப் பிடிப்பது கடினமாயிற்று. அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார், கடையில் விற்கும் கார்களைக் கொண்டே அந்த ஆண்டு நடத்திய முதல் ஸ்டாக் கார் தொடரின் பட்டத்தை ரெட் பைரன் ஓல்ட்ஸ்மொபைல் ஓட்டித்தான் வென்றார்.

1962இல் வந்த ஜெட்ஃபயர், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்துத் திறனைக் கூட்டும் டர்போசார்ஜர் பொருத்தி விற்பனைக்கு வந்த உலகின் முதல் கார்களில் ஒன்று. என்ஜினில் தட்டும் ஓசை எழாமல் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனிக் கலத்தில் ஊற்ற வேண்டும். உரிமையாளர்கள் அதை ஊற்ற மறந்தார்கள், கார் நிலைக்கவில்லை. 1966இல் வந்த டொரனாடோ இதைவிடத் துணிச்சலானது. 1937க்குப் பிறகு அமெரிக்காவில் எவரும் முன்சக்கர இயக்கத்தில் கார் விற்கவில்லை. 385 குதிரைத்திறனுள்ள ஒரு பூதாகரமான வி8 என்ஜினின் விசையை முன்சக்கரங்களுக்கு அனுப்ப முடியாது என்று அன்று பலர் நம்பினார்கள். ஓல்ட்ஸ்மொபைல் பொறியாளர்கள் கியர்பெட்டியை என்ஜினின் பக்கவாட்டுக்குத் திருப்பி, அகலமான சங்கிலியால் இரண்டையும் இணைத்து அதைச் செய்துகாட்டினார்கள். 1970களின் நடுவில் பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஏர்பேக் கிடைத்த முதல் கார்களிலும் டொரனாடோ இருந்தது. இந்தப் பட்டியலை நான் நீட்டுவதற்குக் காரணம் உண்டு. ஏன் ஷெவர்லே வாங்காமல் ஓல்ட்ஸ்மொபைல் வாங்கினாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், பானெட்டைத் திறந்து காட்டுவதற்கு அந்த உரிமையாளரிடம் ஏதோ ஒன்று இருந்தது.

அந்த நம்பிக்கையின் மேல்தான் கட்லஸ் ஏறி நின்றது. நடுத்தர அளவு, நாகரிகமான தோற்றம், எட்டக்கூடிய விலை. 1976இல் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக விற்ற கார் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ். அடுத்த ஆண்டு பிராண்டின் மொத்த விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. ஷெவர்லேவுக்கும் ஃபோர்டுக்கும் அடுத்து அந்த உயரத்தைத் தொட்ட மூன்றாவது அமெரிக்கப் பெயர் இதுதான்.

சரிவு அந்த உச்சியிலேயே தொடங்கியது. தேவை பெருகியதால் ஓல்ட்ஸ்மொபைலின் சொந்த ராக்கெட் என்ஜின்கள் போதவில்லை. நிறுவனம் ஒரு குறுக்குவழியைக் கண்டது. அதே அளவுள்ள ஷெவர்லே என்ஜின்களை எடுத்து 1977ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் 88 கார்களில் பொருத்தி, வாங்குபவரிடம் எதுவும் சொல்லாமல் விற்றது. சிகாகோ பக்கத்தில் ஒருவர் தம் புதிய காரைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனபோது, ஓல்ட்ஸ்மொபைலுக்கான பாகங்கள் அதில் பொருந்தவில்லை. உள்ளே இருந்தது ஷெவர்லே என்ஜின். இலினாய் மாநில அரசு வழக்குத் தொடுத்தது, மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 200 டாலரும் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதமும் தர நிறுவனம் முன்வந்தது. அதன் பிறகு, எங்கள் கார்களில் நிறுவனத்தின் பல பிரிவுகளில் செய்த என்ஜின்கள் இருக்கும் என்ற அறிவிப்பு விளம்பரங்களில் இடம்பெறத் தொடங்கியது.

பொறியாளர்கள் இதில் தவறு காணவில்லை. இரண்டு என்ஜின்களும் ஏறத்தாழ ஒரே திறன் தருபவை; ஷெவர்லே என்ஜின் எந்த விதத்திலும் மட்டமானதல்ல. ஆனால் வாங்கியவர் அந்த ராக்கெட்டுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்திருந்தார். அந்த அறிவிப்பின் ஒற்றை வரி, ஏணியின் நடுப்படிக்கு இருந்த காரணத்தை நிறுவனத்தின் வாயாலேயே மறுத்துவிட்டது. என் பார்வையில் ஓல்ட்ஸ்மொபைலின் முடிவு எழுதப்பட்டது இங்கேதான். பிராண்டின் மிகச் சிறந்த விற்பனை ஆண்டுகள் இதற்குப் பிறகும் வந்தன என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து வந்தது டீசல். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் சிக்கனச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம். பெரிய கார்களைக் கைவிடாமல் சிக்கனத்தைக் காட்ட, 1978ஆம் ஆண்டு மாடல்களில் 5.7 லிட்டர் டீசல் வி8 என்ஜினை ஓல்ட்ஸ்மொபைல் அறிமுகம் செய்தது. பெட்ரோல் என்ஜினை அப்படியே டீசலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பலர் சொல்வது சரியல்ல. பிளாக் வார்ப்பு புதிதாகவும் கனமாகவும் செய்யப்பட்டது. தவறு வேறோர் இடத்தில் நடந்தது. ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களைக் கொண்டே துளையிட்டுவிடலாம் என்பதற்காக, சிலிண்டர் ஹெட்டைப் பிணைக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் இடங்களையும் பெட்ரோல் என்ஜினில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். இந்த என்ஜினின் அழுத்த விகிதம் 22.5. அன்றைய பெட்ரோல் என்ஜின்களில் இருந்ததைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். போல்ட்டுகள் அந்த விசையில் நீண்டுகொடுத்தன. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கசிந்தது. குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் இறங்கியது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. என்ஜின் உள்ளிருந்தே நொறுங்கியது.

பழுதுபார்த்த மெக்கானிக்குகள் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, நீண்டுபோன பழைய போல்ட்டுகளையே திரும்பப் பூட்டினார்கள். சில மாதங்களில் அதே கார் அதே பட்டறைக்குத் திரும்பி வந்தது. இதோடு, டீசலில் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியையும் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். பம்பும் இன்ஜெக்டர்களும் துருப்பிடித்தன. பெட்ரோல் கார்களில் தண்ணீரைப் போக்க டேங்கில் ஆல்கஹால் கலப்பது மக்களுக்குப் பழக்கமான வைத்தியம். அதையே இங்கும் செய்தபோது பம்பின் உட்பாகங்கள் கெட்டன. டீசல் கார் என்றாலே அமெரிக்கர்கள் முகம் சுளிக்கும் நிலை அதன் பிறகு பல ஆண்டுகள் நீடித்தது. புதியதை முதலில் தருபவர்கள் என்ற பெயரை நம்பி வாங்கியவர்கள்தான் இதில் பணத்தை இழந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். சோம்பலாக எதையும் மாற்றாமல் இருந்திருந்தால் கூட அவர்கள் இவ்வளவு இழந்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே ஏணியின் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 1982ஆம் ஆண்டு மாடல்களில் ஷெவர்லே செலிப்ரிட்டி, பான்டியாக் 6000, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சியரா, ப்யூக் செஞ்சுரி என்று நான்கு கார்கள் ஒரே அடித்தளத்தில், ஒரே அச்சில் வார்த்தவை போல வந்தன. 1983 ஆகஸ்டில் ஃபார்ச்சூன் இதழ் அந்த நான்கையும் ஒரே நிறத்தில் பக்கம் பக்கமாக நிறுத்தி அட்டைப்படம் போட்டது. எது எது என்று சொல்வது கடினம். 1984இல் தலைவர் ரோஜர் ஸ்மித் நிறுவனத்தையே மாற்றி அடுக்கினார். ஷெவர்லே, பான்டியாக் ஒரு குழு. ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் இன்னொரு குழு. ஓல்ட்ஸ்மொபைலுக்கென்று தனியாக இருந்த பொறியியல் அதிகாரம் அந்தக் குழுவுக்குள் கரைந்தது. ஹைட்ராமேட்டிக்கையும் டொரனாடோவையும் தந்த பிரிவு, அதன் பிறகு பொதுச் சமையலில் வெந்ததைத் தன் தட்டில் வைத்துப் பரிமாறும் இடமாகிவிட்டது.

விற்ற பெயரையே நீர்த்துப்போகச் செய்ததும் இந்தக் காலத்தில்தான். கட்லஸ் சுப்ரீம், கட்லஸ் சியரா, கட்லஸ் கலே என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கார்களுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டப்பட்டது. நான் கட்லஸ் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்தக் கார் என்று கேட்க வேண்டியதாயிற்று. 1976இல் கட்லஸ் இருந்த முதலிடத்துக்கு 1989இல் ஹோண்டா அக்கார்டு வந்தது. அக்கார்டு ஒரே ஒரு காராகத்தான் இருந்தது.

1988இல் வெளியான விளம்பரத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபைல் அல்ல என்பது அதன் வாசகம். புகழ்பெற்றவர்கள் தம் பிள்ளைகளோடு அதில் தோன்றினார்கள். அந்த வாசகம் ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது, கார் விற்கவில்லை. அப்போது வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த அப்பாக்கள்தான், அவர்களை அது புண்படுத்தியது. பிள்ளைகள் ஷோரூமுக்கு வந்து பார்த்தபோது, அங்கே நின்றது பெரும்பாலும் அப்பாவின் காரேதான். ஆனால் பிராண்டைக் கொன்றதே அந்த விளம்பரம்தான் என்பதை நான் ஏற்கவில்லை. விளம்பரக்காரர்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் கொடுக்கப்படவில்லை. அதனால் காரணம் இல்லாமையையே அவர்கள் வாசகமாக எழுதினார்கள்.

1990களில் நிறுவனத்தின் முதலீடு சாட்டர்ன் என்ற புதிய பிராண்டுக்குப் போனது. வாடிக்கையாளர்களோ சரக்குவண்டி அடித்தளத்தில் செய்த உயரமான குடும்ப வாகனங்களுக்குத் திரும்பினார்கள். அரோரா, இன்ட்ரீக், அலேரோ என்று ஓல்ட்ஸ்மொபைல் கடைசியாகச் செய்த கார்கள் உண்மையிலேயே நல்லவை. கட்லஸ், 88, 98 என்ற பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. பழைய வாடிக்கையாளருக்குத் தெரிந்த பெயர் எதுவும் மிஞ்சவில்லை, புதியவர்களுக்கு அந்தப் பெயர்கள் எட்டவும் இல்லை. நிறுவனத்தின் சந்தைப் பங்கு ஏறத்தாழ 28 விழுக்காட்டுக்குச் சுருங்கியிருந்தது. பாதிச் சந்தையைக் கையில் வைத்திருந்த காலத்தின் பிராண்டுகளை அந்தப் பங்கால் தாங்க முடியாது. 2000இல் பொறுப்பேற்ற ரிக் வேகனர் அதே ஆண்டில் முடிவெடுத்தார்.

ஆனால் அமெரிக்காவில் ஒரு பிராண்டை நிறுத்துவது கதவைப் பூட்டுவது போன்ற வேலை அல்ல. கார்களை விற்பவர்கள் தனி முதலாளிகள். அவர்களது ஒப்பந்தங்களை மாநிலச் சட்டங்கள் பாதுகாக்கின்றன. ஓல்ட்ஸ்மொபைலுக்கு அப்போது சுமார் 2,800 விற்பனை முகவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இழப்பீடு தரவே நூறு கோடி டாலர் அளவில் செலவானது. அதனால்தான் மூடல் அறிவிப்புக்கும் கடைசிக் காருக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கடந்தன. 2004 ஏப்ரல் 29 அன்று லான்சிங் ஆலையில் அடர்செர்ரி நிற அலேரோ ஒன்று வரிசையின் கடைசியாக வந்தது. அதன் பானெட்டுக்கு அடியில் தொழிலாளர்கள் கையெழுத்திட்டார்கள்.

அந்தச் செலவு நிறுவனத்தின் மனத்தில் நின்றது. மற்றப் பிராண்டுகளும் நலிந்துகொண்டிருப்பது தெரிந்தும் அடுத்த சில ஆண்டுகள் அது எதையும் மூடத் துணியவில்லை. 2009இல் திவாலின் விளிம்புக்கு வந்து, நீதிமன்றத்தில் பழைய ஒப்பந்தங்களைக் கைவிட வழி பிறந்தபோதுதான், பான்டியாக்கும் சாட்டர்னும் ஹம்மரும் ஒரே மூச்சில் கழற்றிவிடப்பட்டன. ஓல்ட்ஸ்மொபைல் முகவர்களுக்குக் கிடைத்த அளவு இழப்பீடு பான்டியாக் முகவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு தப்பியது ப்யூக். அமெரிக்க ஷோரூம்களில் அதன் நிலை ஓல்ட்ஸ்மொபைலைவிடப் பெரிதாக மேலானது அல்ல. அதே ஏணியில் அடுத்த படி, அதே வயதான வாடிக்கையாளர்கள். ஆனால் சீனாவில் அதற்கு ஒரு பழைய மதிப்பு இருந்தது. கடைசிப் பேரரசர் பூயி வைத்திருந்த கார் ப்யூக். 1998 இறுதியில் ஷாங்காய் ஆலையிலிருந்து ப்யூக் கார்கள் வெளிவரத் தொடங்கின. சில ஆண்டுகளில் அங்கு விற்றவை அமெரிக்காவில் விற்றதைவிட அதிகமாயின. ஓல்ட்ஸ்மொபைலுக்கு அப்படி ஒரு தேசம் இல்லை. அதன் அலேரோவைக் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியபோதும், முகப்பில் ஷெவர்லே சின்னத்தைப் பொருத்தித்தான் அனுப்பினார்கள்.